ரோசாப்பூ துரை

மெய்ப்பிக்கப்பட்ட செயலுக்கே தண்டனை, பிறப்புக்கன்று என்பது குற்றவியற் சட்டத்தில் நாம் பயிலும் முதற்பாடம். அதற்காக நம் மதுரையில் போராடியவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

1887-ல் செங்கன்னூரில் பிறந்த அவர், இலண்டனில் சட்டம் பயின்று, மதுரையில் வழக்கறிஞராக அமர்ந்தார். அந்நாளில் குற்றப் பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளரைப் பிறவிக் குற்றவாளிகளாக வைத்தது. குற்றமறியாதாரும் கைரேகை பதிந்து, இரவிற் காவலர்முன் ஆஜராக நேர்ந்தது. 1920 ஏப்ரல் 3-ல் அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் பலர் துப்பாக்கிக்கு இரையாயினர். ஜோசப் அம்மக்களின் வழக்குகளை ஏற்று வாதாடினார். அவர்களோ ரோசாப்பூ துரை என்று அவரைப் போற்றினர்.

1938-ல் அவர் மதுரையிலேயே மறைந்தார். 1947-ல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டபோது, காண அவர் இலர். வழக்கேட்டைத் திறக்குந்தோறும், குலம் யாதென வினவாது, செயல் யாது, சான்று யாது என்றே நாம் வினவுவோமாக.