விளக்கேந்திய சீமாட்டியின் எழுதுகோல்

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நாம் சிறுவயதில் விளக்கேந்திய சீமாட்டியாகவே அறிந்தோம். காயப்பட்ட வீரர்களின் படுக்கைகளுக்கிடையே இரவில் விளக்குடன் நடந்த அந்த உருவம் பொய்யானதன்று. ஆனால் அந்தப் போர்க்கால வைத்தியசாலைப் பணி இரண்டு ஆண்டுகளுக்கும் குறைந்தது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கையில் இருந்தது எழுதுகோல். விளக்கு ஆறுதல் தந்தது. எழுதுகோலோ அரசாங்கத்தை அசைத்தது. நமது பாடசாலையில் மேடைப்பேச்சும் விவாதமும் கட்டுரையும் பயின்ற நாம் அறிந்துகொள்ள வேண்டியது அந்த எழுதுகோலின் கதையைத்தான்.

அவர் 1820 மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வந்த ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையே ஆசிரியராக இருந்து கிரேக்கம், இலத்தீன், வரலாறு, மெய்யியல் என்பவற்றைக் கற்பித்தார். பழைய கிரேக்க, உரோம நாவலர்களின் நூல்கள் வழியே வாதத்தைக் கட்டும் முறை அவருக்கு இளமையிலேயே பழக்கமானது. கணிதத்தின்மீது அவர் கொண்ட ஆசையை வீட்டார் விரும்பவில்லை. அக்காலத்தில் மதிப்புக் குறைந்திருந்த தாதித்தொழிலை அவர் நாடியபோது எதிர்ப்பு இன்னும் வலுத்தது. எனினும் 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த் நிலையத்தில் பயிற்சி பெற்றார்.

1854 நவம்பரில், கிரைமியப் போரின்போது, 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். அடைபட்ட கழிவுக்கால்கள், காற்றோட்டமற்ற விடுதிகள், நெருக்கியடித்த படுக்கைகள் என அங்கு கண்டதெல்லாம் அவலம். 1855 பெப்ரவரியில் அங்கு சிகிச்சை பெற்றோரில் 100 பேருக்கு 40 பேருக்கு மேல் இறந்தனர். மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு கழிவுக்கால்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்தைச் சீர்செய்தது. அதன்பின் மரணவீதம் வேகமாகச் சரிந்தது.

1856இல் நாடு திரும்பிய அவரை இங்கிலாந்து தெய்வப்பெண்ணாகக் கொண்டாடியது. அவரோ கொண்டாட்டத்தை ஒதுக்கிவிட்டு, வில்லியம் பார் என்ற புள்ளிவிபரவியலாளருடன் இறந்தோர் கணக்குகளை ஆராயத் தொடங்கினார். போரில் காயத்தால் இறந்தோரைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோரே பன்மடங்கு என்பது தெளிவாயிற்று. இனி அதை ஆட்சியாளர் மனதில் பதிக்கவேண்டும். பெண் என்பதால் அரச ஆணைக்குழுவில் அவருக்கு ஆசனமில்லை. பாராளுமன்றத்தில் பேசவும் வழியில்லை. போர்க்களத்தில் பற்றிய நோயோ அவரைப் படுக்கையில் வீழ்த்தியிருந்தது. ஆகவே, 1857இல் ஆணைக்குழுவுக்கு அவர் எழுத்து மூலமே சாட்சியமளித்தார்.

புள்ளிவிபரம் வறண்டதாக இருப்பதே நல்லது என்பது பாரின் கருத்து. நைட்டிங்கேல் அதை ஏற்கவில்லை. அட்டவணையைப் புரட்டிப் பார்க்காத அரசிக்கும் அமைச்சர்களுக்கும் கண்ணால் காணும் ஒன்று வேண்டும் என்று கருதினார். எனவே 1858இல், ஆண்டின் 12 மாதங்களையும் ஒரு வட்டத்தின் 12 கூறுகளாக வரைந்தார். தடுக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த மரணங்களுக்கு நீலம், காயங்களால் நேர்ந்தவற்றுக்குச் சிவப்பு, ஏனையவற்றுக்குக் கறுப்பு. பரந்து விரிந்த நீலத்தின் நடுவே சிவப்பு சிறு கீற்றாகத் தெரிந்தது. சீர்திருத்தத்துக்குப் பிந்திய ஆண்டுக்கு வரைந்த வட்டத்தை அருகில் வைத்தபோது, நீலம் சுருங்கியிருப்பதை எவரும் காணலாம். இரண்டை அருகருகே வைத்து மாறுபாட்டைப் பேசவிடுவது சொல்வன்மையின் மிகப் பழைய உத்தி. அவர் அதைச் சொல்லுக்குப் பதிலாக நிறத்தால் செய்தார்.

இதனினும் கூரியது அவர் கையாண்ட ஓர் ஒப்பீடு. போரில்லாத காலத்தில், இங்கிலாந்திலுள்ள படைமுகாம்களிலேயே ஆண்டுதோறும் 1,000 வீரர்களுக்கு 17 முதல் 20 பேர் இறந்தனர். சாதாரண குடிமக்களிடையே அது 11 மட்டுமே. இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டி, ஆண்டுக்கு 1,100 வீரர்களைச் சோல்ஸ்பரி வெளிக்குக் கொண்டுசென்று சுட்டுக் கொல்வதற்கு ஒப்பான குற்றம் இது என்று எழுதினார். முகாமில் நிகழும் மரணம் யாருடைய செயலுமல்ல என்றே அதிகாரிகள் எண்ணியிருந்தனர். சுடுவதென்றால் சுடுபவன் ஒருவன் இருக்கவேண்டும். தானாக நிகழ்ந்ததாகத் தோன்றிய ஒன்றை, ஒருவர் செய்ததாக அந்த ஒப்பீடு மாற்றியது. பொறுப்புக்கு ஒரு முகம் கொடுத்தது. அதைத் தாங்கி நின்றது ஒரு கணக்கு. கணக்கு பிழைத்திருந்தால் ஒப்பீடும் வெறும் வசையாகியிருக்கும்.

விளைவும் கிடைத்தது. படைமுகாம்களைச் சீரமைக்கும் பணி தொடங்கியது. இராணுவத்துக்கெனப் புள்ளிவிபரப் பிரிவும் மருத்துவக் கல்லூரியும் உருவாயின.

அவையறிந்து நடையை மாற்றுவதிலும் அவர் வல்லவர். 1859இல் சாதாரண குடும்பப் பெண்களுக்காகத் தாதிமை பற்றிய நூலை எழுதியபோது அட்டவணைகளைப் பின்னே தள்ளிவிட்டு, வீட்டுப் பேச்சுப் போன்ற குறுகிய வாக்கியங்களைக் கையாண்டார். ஒவ்வொரு பெண்ணும் ஏதோ ஒரு காலத்தில் ஒருவரின் உடல்நலத்துக்குப் பொறுப்பேற்கிறாள் என்று தொடங்கி, வாசிப்பவளையே தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். வைத்தியசாலைகள் பற்றி எழுதும்போது, நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருப்பதே வைத்தியசாலையின் முதற்கடமை என்றார். அது விசித்திரமான விதியாகத் தோன்றக்கூடும் என்பதையும் தாமே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். எதிராளியின் வியப்பை அவன் வாய் திறக்குமுன் எடுத்துவிடும் உத்தி அது.

வைத்தியத் தொழிலில் இருக்கும் நாம் இதை அன்றாடம் நினைக்கவேண்டியிருக்கிறது. நமது நாட்டில் தாய் மரணங்கள் ஒவ்வொன்றாக மீளாய்வு செய்யப்படுகின்றன. அட்டவணையில் அது ஒரு வரி. வீட்டில் தாயில்லாத பிள்ளை. அந்த வரியை வாசிப்பவர் மனதில் அந்தப் பிள்ளையை நிறுத்தாவிட்டால், அடுத்த மரணத்தைத் தடுக்கும் பணமும் ஆளணியும் வந்துசேரா. மறுபுறம், தடுப்பூசி பற்றிய வதந்திகளும் இதே உத்திகளையே கையாள்கின்றன. அவற்றிலும் உவமை உண்டு, மாறுபாடு உண்டு, அச்சமூட்டும் படம் உண்டு. அடியில் கணக்கு மட்டும் இல்லை. ஆகவே நம்மை உருக்கும் எதைக் கேட்டாலும், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தட்டிப்பார்க்கவேண்டும். நம் பிள்ளைகளுக்கு அணியிலக்கணத்தோடு இதனையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.

1907இல் பிரித்தானியாவின் ஓடர் ஒஃப் மெரிட் விருதைப் பெற்ற முதற்பெண் அவரே. 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி, தமது 90ஆவது வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யும் பெருமையைக் குடும்பத்தினர் ஏற்காது, ஈஸ்ட் வெலோ கிராமத்துத் தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்தனர். ஆயிரமாயிரம் கடிதங்கள் எழுதியவரின் பெயர் அந்தக் கல்லில் இரண்டு எழுத்துகளாக மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது; கூடவே பிறந்த நாளும் இறந்த நாளும்.