புனிதர் மீது ஒரு வழக்கு!

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1985-ம் ஆண்டு வரை அவை ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. மேற்கே மலையடிவாரத்தில் இந்த ஊர்கள். அதே மாவட்டத்தின் கிழக்கே, கடலுக்கு அருகில் ஓரியூர். அங்கே வெட்டுண்டு இறந்தவர்தான் அருளானந்தர்.

அவர் மேல் ஒரு வழக்கு நடந்தது. அவர் இறந்த பிறகு நடந்த வழக்கு அது!

புனிதர் என்றால் பாவமே செய்யாதவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. இயேசுநாதர் பாவமற்றவர். அவருக்கு அடுத்தபடி மாதா மரியாளுக்கு மட்டும் கடவுள் தனி வரம் கொடுத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. அத்தகைய வரம் இல்லாமல், வாழ்நாள் முழுவதும் சிறு பாவம்கூடச் செய்யாமல் இருக்க எந்த மனிதனாலும் முடியாது என்று திரெந்து நகரில் கூடிய சங்கம் 1547-ல் முடிவு கூறியது. எரேமியா தீர்க்கதரிசியும் ஸ்நாபக அருளப்பரும் தாயின் வயிற்றிலேயே புனிதம் அடைந்தவர்கள் என்று பழைய ஞானிகள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தாவீது ராஜா பிறன் மனைவியைக் கவர்ந்தார். இராயப்பர் தம் குருவையே தெரியாது என்று மூன்று முறை சொன்னார். இருவரும் அழுது மனம் திரும்பினார்கள்.

அப்படியானால் அருளானந்தர் மேல் என்ன வழக்கு?

அரண்மனைப் பிள்ளை

அவருடைய சொந்தப் பெயர் ஜான் டி பிரிட்டோ. போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் 1647 மார்ச் 1-ந் தேதி பிறந்தார். அரண்மனையில் இளவரசர் பேதுருவுடன் வளர்ந்த பிள்ளை. சிறு வயதில் கடும் நோய் வந்தது. பிழைத்தால் ஓர் ஆண்டு சேசு சபையாரின் அங்கி அணிவிப்பதாகத் தாய் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். ஓர் ஆண்டு அணிந்த அங்கியை அவன் மறக்கவே இல்லை. 15 வயதில் சேசு சபையில் சேர்ந்துவிட்டான்!

1673-ல் கோவாவில் வந்து இறங்கினார். மறு ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்தார். காவி உடுத்தினார். மாமிசத்தை விட்டார். தமிழ் கற்றார். பண்டாரசாமி என்று ஊர் ஊராக நடந்தார். அந்தக் கோலத்தில் இருந்தால் எல்லாச் சாதியாரிடமும் பழகலாம் என்பதே காரணம்.

1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டார். சித்திரவதை செய்தார்கள். இனி இங்கே போதிக்கக் கூடாது என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். பிறகு மிஷன் வேலையாக லிஸ்பனுக்குப் போனார். பழைய விளையாட்டுத் தோழர் இப்போது அரசர். இங்கேயே இருந்துவிடு என்று அவர் வற்புறுத்தினார். அருளானந்தர் கேட்கவில்லை. 1691-ல் மீண்டும் மறவர் சீமை!

அங்கே தடியத்தேவர் என்ற பிரபு நோயிலிருந்து குணமாகி ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியோடு மட்டும் வாழ்வதானால் ஞானஸ்நானம் உண்டு என்றார் சாமியார். மூத்தவளை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார் தேவர். இளையவள் சேதுபதி மன்னருக்கு உறவுக்காரி. கண்ணீரோடு அரண்மனைக்கு ஓடினாள். தள்ளி வைக்கப்பட்ட பெண் வேறு என்ன செய்வாள்?

அருளானந்தர் கைதானார். ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். சிறையில் கரியைத் தண்ணீரில் குழைத்து மை ஆக்கி, குச்சியால் கடைசிக் கடிதங்களை எழுதினார். 1693 பிப்ரவரி 4-ந் தேதி சிரச்சேதம். வயது 45.

ரோமாபுரியில் தடை

வேதசாட்சியாக இறந்தவருக்குப் புனிதர் பட்டம் எளிதில் கிடைக்கும் என்று நினைப்போம். கிடைக்கவில்லை. மதுரை மிஷன் குருக்களின் காவி, சந்தனம், நீராட்டு எல்லாம் அஞ்ஞானச் சடங்குகள் என்று திருச்சபைக்குள்ளேயே புகார் கிளம்பியது. போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் 1704-ல் புதுச்சேரியில் அவற்றில் பலவற்றுக்குத் தடை போட்டார். தாழ்த்தப்பட்ட நோயாளிகளின் வீட்டுக்குள் குருக்கள் போக மறுப்பதும் தவறு என்றார். காவியைவிட இந்தக் குற்றச்சாட்டுதான் நமக்குச் சுருக்கென்று தைக்கிறது.

இந்த முறைப்படி வாழ்ந்தவர் பாவி அல்லவா, அவர் எப்படி வேதசாட்சி ஆவார்? இதுதான் வழக்கு.

புனிதர் பட்ட விசாரணையில் குறை தேடவே ஓர் அதிகாரி 1983 வரை இருந்தார். பிசாசின் வக்கீல் என்று ஜனங்கள் அவரைக் கேலியாகச் சொல்வார்கள். அந்தப் பதவியில் பல ஆண்டுகள் இருந்த லாம்பர்த்தீனி என்பவரே பின்னால் 14-ம் ஆசீர்வாதப்பர் என்ற போப்பாண்டவர் ஆனார். குறை தேடிப் பழகியவர் கையிலேயே தீர்ப்பு வந்து சேர்ந்தது! அந்தச் சடங்குகள் அருளானந்தரின் பட்டத்துக்குத் தடை அல்ல என்று 1741-ல் அவர் தீர்த்தார்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த மூன்றாம் ஆண்டில் அதே போப்பாண்டவர் தூர்னோனின் தடைகளை உறுதி செய்தார். இந்தியாவுக்கு வரும் குருக்கள் அந்தத் தடைகளுக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. 1940-ல்தான் அந்தச் சத்தியம் நீக்கப்பட்டது.

அருளானந்தருக்கு 1853-ல் முத்திப்பேறு பட்டம் கிடைத்தது. 1947 ஜூன் 22-ந் தேதி 12-ம் பத்திநாதர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். வெட்டுண்டு 254 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓரியூர் மண் இன்றும் சிவந்தே கிடக்கிறது. திருவிழாவுக்குப் போகிறவர்கள் அதில் ஒரு பிடி முடிந்துகொண்டு ஊர் திரும்புகிறார்கள்.