தகரக் கொல்லரின் மகன்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் எழுப்பிய கோட்டை இன்று இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. ஆனால் கோட்டையைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு கோட்டைக்குப்பம் இருக்கிறது. ஏரியும் கடலும் சூழ்ந்த மீனவர் ஊர். அந்தப் பக்கத்துக் குப்பங்களில் மீன் ஏற்றவரும் வேன் ஒன்று பாதையை விட்டு இரண்டடி விலகி மணலில் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறார். எஞ்சின் உறுமுகிறது. பின்பக்கத்து ஒரு சக்கரம் மட்டும் மணலை வாரி இறைத்துக்கொண்டு வெறிபிடித்தாற்போல் சுற்றுகிறது. கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரமோ, எனக்கென்ன என்று அசையாமல் நிற்கிறது! பிறகு பனையோலையும் சாக்கும் பலகையும் தேடி ஓடவேண்டியதுதான்.

இந்த வேடிக்கைக்குக் காரணம் பின் ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் உருண்டைப் பெட்டி. டிபரன்ஷியல் என்பார்கள். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓடினால் போதும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் பூட்டிவிட்டால் டயர் தேயும், வண்டி முரண்டு பிடிக்கும். ஆகவே இரு சக்கரமும் தத்தம் வேகத்தில் ஓடும்படி பல்சக்கரங்களைக் கோத்து ஒரு பொறி செய்தார்கள். பிரான்சு தேசத்துக் கடிகாரக் கைவினைஞர் பெக்கர் என்பவர் 1828-லேயே நீராவி வண்டிக்காக இதற்கு உரிமை பெற்றார்.

நல்ல பொறிதான். ஆனால் அதற்கு ஒரு அசட்டுத்தனம் உண்டு. இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான விசையையே பங்கிட்டுக் கொடுக்கும். பிடிமானமில்லாத சக்கரத்துக்கு எவ்வளவு சொற்ப விசை போதுமோ, அதே சொற்பம்தான் பிடிமானமுள்ள சக்கரத்துக்கும் கிடைக்கும். மணலில் வேன் நிற்பதன் சூட்சுமம் இதுவே.

மணலில் சிக்கிய வேனுக்கும் உலகத்தின் அதிவேகப் பந்தயக் காருக்கும் ஒரே வியாதி என்றால் நம்புவீர்களா? அந்த வியாதிக்கு மருந்து தேடியவரின் கதையே இது. அவர் பெயர் பெர்டினாண்ட் போர்ஷே.

இரவுப் பள்ளி மாணவன்

அக்காலத்தில் ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த பொஹீமியாவில் மாபர்ஸ்டார்ப் என்னும் சிற்றூரில் 1875 செப்டம்பர் 3-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் அன்டன் தகரக் கொல்லர். மகனும் தகரம் வெட்டிப் பற்றவைத்துப் பிழைக்கவேண்டும் என்பதே அவருடைய விருப்பம். பையனுக்கோ மின்சாரத்தின் மேல் மோகம். பகலில் பட்டறை வேலை, இரவில் பக்கத்து ஊர் தொழிற் பள்ளியில் வகுப்பு. பதினெட்டு வயதில் வியன்னா நகரத்து மின்சாரக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். நேரம் கிடைத்தபோதெல்லாம் அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரிக்குள் நுழைந்து, சம்பளம் கட்டாமலே பின் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டாராம். முறையான பட்டம் அவருக்குக் கிடையாது. பின்னாளில் கௌரவ டாக்டர் பட்டங்கள் தாமாகவே தேடி வந்தன.

குதிரை வண்டி கட்டிவந்த லோனர் கம்பெனிக்காக அவர் செய்த மின்சாரக் கார் 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். காரணம், சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டார் இருந்தது. சங்கிலி இல்லை, கியர் இல்லை, டிபரன்ஷியலும் இல்லை! ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டார் இருக்கும்போது பங்கு பிரிக்கும் பெட்டி எதற்கு? இருபத்தைந்து வயது கூட நிரம்பாத இளைஞர் அந்தத் தகராறை அடியோடு தவிர்த்துவிட்டார். ஆனால் பாட்டரியின் பாரம் தாங்க முடியவில்லை. பிறகு பெட்ரோல் எஞ்சினைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கி, அதைச் சக்கரத்துக்கு அனுப்பும் கலப்பு வண்டி செய்து பார்த்தார். இன்று நம் ஊர்த் தெருக்களில் ஓடும் ஹைப்ரிட் கார்களுக்கு அதைக் கொள்ளுப்பாட்டி என்று சொல்லலாம்.

1906-ல் ஆஸ்ட்ரோ டெய்ம்லர் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர். 1910-ல் நடந்த இளவரசர் ஹென்றி போட்டியில் தாம் வடித்த காரைத் தாமே ஓட்டி முதலிடம் பெற்றார். அடுத்த இரண்டு இடங்களும் அதே கம்பெனிக் கார்களுக்கே. 1923-ல் ஸ்டுட்கார்ட் நகர டெய்ம்லர் கம்பெனிக்குப் போனார்; புகழ்பெற்ற மெர்சிடிஸ் ஸ்போர்ட்ஸ் கார்கள் பிறந்தன. ஆனால் மனுஷருக்கு முன்கோபம் அதிகம். நிர்வாகிகள் செலவுக் கணக்குக் கேட்டால் பிடிக்காது. எந்தக் கம்பெனியிலும் முடிவு மனஸ்தாபம்தான். கடைசியில் 1931-ல், ஐம்பத்தைந்து வயதில், கையில் அதிகப் பணமில்லாமல் ஸ்டுட்கார்ட்டில் சொந்த அலுவலகம் திறந்தார். உலகமெங்கும் பொருளாதார மந்தம். மறு வருஷம் சோவியத் ரஷ்யா அவரை அழைத்துத் தன் தொழிற்சாலைகளையெல்லாம் சுற்றிக் காட்டி, பெரும் பதவி தருவதாகச் சொல்லிற்று. பாஷை தெரியாத தேசம் என்று மறுத்துத் திரும்பினார்.

பதினாறு சிலிண்டர் பூதம்

ஆட்டோ யூனியன் என்னும் புதிய கம்பெனி பந்தயக் கார் வேண்டுமென்று வந்தது. டயர், எண்ணெய், தண்ணீர் நீங்கலாக வண்டியின் எடை 750 கிலோவுக்கு மேற்படக்கூடாது என்பது அன்றைய பந்தய விதி. எடையைக் குறைத்தால் வேகமும் குறையும் என்று விதி செய்தவர்கள் நம்பினார்கள். போர்ஷே அந்த எடைக்குள்ளேயே பதினாறு சிலிண்டர் எஞ்சினைத் திணித்தார். அதையும் முன்னால் வைக்காமல் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். 1934-ல் களத்தில் இறங்கிய முதல் வண்டிக்கு 295 குதிரை சக்தி.

ஓட்டிப் பார்த்தபோதுதான் வியாதி தெரிந்தது. வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. உள்பக்கச் சக்கரம் லேசாகிவிடுகிறது. அந்த நொடியில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சினின் விசையெல்லாம் அந்தச் சக்கரத்தின் வழியே புகையாகப் போய்விடுகிறது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில்கூடச் சக்கரம் வழுக்கிச் சுழன்றது. டயர் கருகிற்று. சென்னையிலிருந்து பழவேற்காடு போகும் வழியில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்ததே, அங்கே வளைவோரத்தில் நின்று பார்த்த பெரியவர்களுக்கு அந்தப் புகையும் நாற்றமும் நினைவிருக்கும்.

மேலும் சக்தி கூட்டினால் இன்னும் புகைதான் வரும். எஞ்சினைத் தொட்டுப் பயனில்லை. பின்னால் உள்ள பெட்டியைத்தான் மாற்றவேண்டும் என்று போர்ஷே கண்டுகொண்டார். 1935-ல் இஸட். எப். என்னும் கியர் கம்பெனியிடம் வேலையை ஒப்படைத்தார். செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்குப் பல்சக்கரம் செய்வதற்காகத் தொடங்கிய கம்பெனி அது.

அவர்கள் செய்த பெட்டியில் வழக்கமான கூம்புப் பல்சக்கரங்கள் இல்லை. மேடும் பள்ளமுமாக அலையலையாய் வெட்டிய இரண்டு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று. ஒன்று இடச் சக்கரத்துக்கு, மற்றது வலச் சக்கரத்துக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு கூடு. அதில் நழுவி அசையும் சிறு கட்டைகள். எஞ்சின் கூட்டைச் சுழற்றுகிறது. கட்டைகள் இரு வளையங்களையும் நெட்டித் தள்ளுகின்றன. வளைவில் மெதுவாக வேகம் மாறவேண்டுமென்றால் கட்டைகள் மேடுபள்ளங்களில் ஏறி இறங்கி இடம் கொடுக்கும். ஆனால் ஒரு சக்கரம் திடீரென்று தறிகெட்டு ஓடப் பார்த்தால், கட்டைகள் உராய்ந்து இறுகி அதைப் பிடித்துக்கொள்ளும். ஓட முடியாத விசை மறு சக்கரத்துக்குப் போய்ச் சேரும். உராய்வினால் தேய்மானம் உண்டு என்பது உண்மை. ஆனால் பந்தயக்காரர்கள் உதிரி பாகத்துக்கு அழுகிறவர்களா?

1936-ல் எஞ்சின் 6 லிட்டராக வளர்ந்தது. 520 குதிரை சக்தி. அதை அடக்கி ஓட்ட ஒரு ஆள் வேண்டுமே! மோட்டார் சைக்கிள் பந்தயத்திலிருந்து வந்த பெர்ன்ட் ரோஸ்மேயர் என்னும் வாலிபர் கிடைத்தார். வேறு பந்தயக் கார் ஓட்டிப் பழக்கமில்லாததே அவருக்கு அனுகூலமாயிற்று. எஞ்சின் பின்னால் இருப்பது விபரீதம் என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நூர்பர்க்ரிங் மலைப்பாதையில் மூடுபனியில் மற்றவர்கள் தடவிக்கொண்டு போனபோது அவர் பறந்தார். அந்த ஆண்டு ஐரோப்பிய சாம்பியன் அவரே. வெற்றி முழுவதும் ஒரு பெட்டியினால் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் 520 குதிரைகளும் தரையைத் தொட்டே ஆகவேண்டும். தொடுவதற்கு வழி செய்தது அந்தப் பெட்டி.

1938 ஜனவரி 28-ந் தேதி பிராங்பர்ட் நெடுஞ்சாலையில் வேக சாதனைக்காக ஓட்டியபோது, மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வண்டி தடம் புரண்டு ரோஸ்மேயர் மாண்டார். குறுக்குக் காற்று அடித்தது என்பார்கள். அவருக்கு வயது 28. கைக்குழந்தையோடு அவர் மனைவி நின்றாள். அவளும் பெயர்பெற்ற விமானி.

சர்வாதிகாரியின் நிழலில்

இந்தப் பந்தயங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். 1933-ல் பதவிக்கு வந்த ஹிட்லர் அரசாங்கம் கொடுத்தது. போர்ஷேயே நேரில் போய்ப் பேசி ஆட்டோ யூனியனுக்குப் பங்கு வாங்கினார். அடுத்த வருஷம் ஏழைகளும் வாங்கக்கூடிய மக்கள் காரை வடிக்கும் வேலை அவருக்கே கிடைத்தது. விலை ஆயிரம் மார்க்குக்குள். வண்டு போன்ற உருவமுள்ள போக்ஸ்வாகன் அப்படித்தான் உருவாயிற்று. 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியர்கள் வாரந்தோறும் ஸ்டாம்பு வாங்கி ஒட்டிப் பணம் சேர்த்தார்கள். ஒருவருக்கும் கார் வரவில்லை. யுத்தம் வந்தது.

தொழிற்சாலை ராணுவ வண்டி செய்யத் தொடங்கிற்று. குபெல்வாகன் என்னும் அந்தத் திறந்த வண்டிக்கு நான்கு சக்கர இழுவை கிடையாது; பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். ஆனாலும் ஆப்பிரிக்கப் பாலைவனத்து மணலிலும் ரஷ்யச் சேற்றிலும் ஓடிற்று. பந்தயக் காருக்காக உதித்த அதே வகைப் பிடிப்புப் பெட்டியை அதில் வைத்திருந்தார்கள். நம் வேன் டிரைவருக்கு வேண்டியதும் அதுதான்!

அந்த ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் மனமுவந்து வந்தவர்கள் அல்லர். பிற நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள், யுத்தக் கைதிகள், சித்திரவதை முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். போர்ஷே நாஜிக் கட்சி உறுப்பினர். ஆலையின் பொறுப்பிலும் இருந்தவர். தமக்கு யந்திரம்தான் தெரியும், அரசியல் தெரியாது என்பது போலவே அவர் நடந்துகொண்டார். ஹிட்லருக்காக டாங்கிகளும் வடித்தார். அந்தச் சாமர்த்தியம் யாருக்கு உதவிற்று, யார் முதுகின்மேல் நடந்தது என்பதை அவருடைய புகழைச் சொல்கிறவர்கள் மறைக்கக்கூடாது.

யுத்தம் முடிந்தபின் 1945 டிசம்பரில் பிரெஞ்சு அதிகாரிகள் அவரையும் மருமகனையும் கைது செய்தார்கள். எழுபது வயது. டிஜான் நகரச் சிறையில் குளிரில் கிடந்தார். நடுவில் சில காலம் பாரிசுக்குக் கொண்டுபோய் ரெனோ கம்பெனியின் சிறு கார் பற்றி யோசனை கேட்டார்கள்! இதற்கிடையில் மகன் பெர்ரி ஒரு இத்தாலியப் பணக்காரருக்குப் பந்தயக் கார் வடித்துக்கொடுக்கும் ஒப்பந்தம் பிடித்தார். அந்தக் கூலியின் உதவியால் ஜாமீன் தொகை கட்டப்பட்டது; ஆளுக்கு 5 லட்சம் பிராங்க். 1947 ஆகஸ்டு 1-ந் தேதி கிழவர் வெளியே வந்தார். பிறகு நடந்த விசாரணையில் அவர்மீது குற்றமில்லை என்று பிரெஞ்சு நீதிமன்றம் விடுவித்தது.

1948-ல் ஆஸ்திரியாவில் க்முண்ட் என்னும் கிராமத்து மர அறுவை ஆலையில், தந்தையின் மக்கள் காரின் உறுப்புகளைக் கொண்டே பெர்ரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டினார். போர்ஷே என்ற பெயரைத் தாங்கி விற்பனைக்கு வந்த முதல் கார் வரிசை அது. 1950 நவம்பரில் முதியவர் தாம் ஆரம்பித்த பழைய ஆலையைப் போய்ப் பார்த்தார். சாலை நெடுக வண்டு கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதே மாதம் பக்கவாதம் தாக்கிற்று. 1951 ஜனவரி 30-ந் தேதி ஸ்டுட்கார்ட்டில் கண் மூடினார். அந்த ஜூன் மாதம் பிரான்சில் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் மகனின் சின்னக் கார் 1,100 சி.சி. பிரிவில் முதலாவதாக வந்தது.