சிறகுகளின் பதிவாளர்

எப்பறவை எப்பருவத்தில் வலசை வருகிறது, எது ஆண்டு முழுவதும் ஒரே காட்டில் தங்குகிறது, எங்கே கூடு கட்டுகிறது என்பவற்றை இந்தியா முழுமைக்கும் தொகுக்க முனைந்த முன்னோடி ஆலன் ஆக்டேவியன் ஹியூம். இந்திய தேசியக் காங்கிரசு தோன்ற வழிவகுத்தவராகவே பலரும் இவரை அறிவர். பறவையியலில் இவர் ஆற்றிய பணியும் அதற்குக் குறைந்ததன்று.

பணியும் பறவையும்

1829ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த ஹியூம், 1849இல் ஆட்சிப் பணி ஏற்று இந்தியா வந்தார். எட்டாவா மாவட்டத்தில் இலவசப் பள்ளிகளை நிறுவினார். பின்னர் உள்நாட்டுச் சுங்க ஆணையராகி, உப்புவரிக்கான எல்லைக்கோட்டை ஒட்டி நெடுந்தொலைவு பயணம் செய்தார். சென்ற இடமெல்லாம் பறவைகளைச் சேகரித்தார். 1872இல் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்னும் பறவையியல் இதழைத் தொடங்கினார். நாட்டின் பல மூலைகளிலிருந்த பறவை ஆர்வலர்கள் தாம் கண்டவற்றை அதற்கு எழுதி அனுப்பினர்.

சிற்றாந்தையின் பெயர்

அவ்வாண்டின் இறுதியில் பிளீவிட் என்பவர் நடு இந்தியக் காட்டிலிருந்து ஒரு சிற்றாந்தையைச் சேகரித்தார். ஊர்ப்புறத்துப் புள்ளி ஆந்தையைப் போலவே தோன்றினும், அதன் தலையில் புள்ளிகள் மிகக் குறைவு. அது தனி இனமெனத் தெளிந்த ஹியூம், 1873இல் அதனை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். தம் பெயரைச் சூட்டாமல், கண்டெடுத்தவர் பெயரையே சூட்டினார்.

இழப்பும் ஈகையும்

இந்தியப் பறவைகள் குறித்துப் பெருநூல் ஒன்று எழுத, ஹியூம் பல்லாண்டுகளாகக் குறிப்புகளைத் திரட்டி வைத்திருந்தார். ஒரு குளிர்காலத்தில் அவர் சிம்லா இல்லத்தில் இல்லாதபோது, பணியாள் ஒருவர் அக்கையெழுத்துப் படிகளைப் பழைய தாளென்று கடைத்தெருவில் விற்றுவிட்டார். கால் நூற்றாண்டு உழைப்பு அழிந்தது. மனமுடைந்த ஹியூம் பறவை ஆய்விலிருந்து விலகினார். எனினும், பறவைத் தோல்களும் முட்டைகளுமாக ஏறத்தாழ 80,000 மாதிரிகளைக் கொண்ட தம் தொகுப்பை 1885இல் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு விலையின்றி வழங்கினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே காங்கிரசின் முதல் மாநாடு பம்பாயில் கூடியது. 1912இல் ஹியூம் இலண்டனில் மறைந்தார்.

மீண்ட பறவை

1884க்குப் பின் அச்சிற்றாந்தையைக் கண்டதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஒருவர் அருங்காட்சியகத் தோலொன்றைத் திருடிப் பொய்யான இடமும் ஆண்டும் எழுதிவைத்ததால், தேடியவர்கள் திசைமாறிச் சென்றனர். அப்பொய் வெளிப்பட்டபின், பழைய தோல்களின் உண்மையான இடக்குறிப்புகளைப் பின்பற்றிய ஆய்வாளர்கள், 1997இல் மகாராட்டிரத்தின் சகாதா அருகே அதனைக் கண்டனர். வலசை போகாமல், இலையுதிர் தேக்குக் காட்டிலேயே வாழ்ந்து, பகலில் பல்லிகளையும் எலிகளையும் வேட்டையாடும் அப்பறவை, 113 ஆண்டுகளாக மனிதர் கண்ணுக்கு மட்டுமே மறைந்திருந்தது. எழுதியவர் மறைந்தாலும் உண்மையாக எழுதிய குறிப்பு வழிகாட்டும் என்பதற்கு அச்சிற்றாந்தையே சான்று.