மாவு மில்லில் ஒரு யுத்தக் கைதி

மார்ஷல் டிட்டோ என்றவுடன் விறைப்பான பட்டாள உடுப்பும் மார்பு நிறையப் பதக்கங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஹிட்லரின் சேனையை மலைகளில் மறைந்திருந்து எதிர்த்தவர். ஸ்டாலினுக்கும் தலைவணங்க மறுத்தவர். நேருவோடும் நாசரோடும் சேர்ந்து அணிசேராக் கொள்கைக்கு அடிகோலியவர். அப்படிப்பட்டவர் ஒரு காலத்தில் ருஷ்யக் கிராமம் ஒன்றில் யுத்தக் கைதியாக இருந்தார். ஊர்க் குடியானவர்களின் தானியத்தை அரைக்கும் மில்லில் யந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைதி வாழ்க்கைதான் அவரை உருவாக்கியது. பிற்காலத்தில் அவர் வாழ்க்கையில் விழுந்த ஒரு கறையையும் அதை வைத்துத்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பூட்டுத் தொழிலாளி

1892-ம் ஆண்டு மே மாதம் குரோவேஷியாவில் கும்ரோவெட்ஸ் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோசிப் புரோஸ். தகப்பனார் குரோவேஷியர், தாயார் ஸ்லோவீனியர். பிள்ளைகள் அதிகம், நிலம் கொஞ்சம். பன்னிரண்டு, பதிமூன்று வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. சீஸக் நகரத்துக்குச் சென்று பூட்டு வேலையும் யந்திர வேலையும் கற்றுக்கொண்டார். பின்னர் ஆஸ்திரியா, ஜெர்மனி என்று ஊர் ஊராகப் போய்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார்.

அந்நாளில் குரோவேஷியா ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1913-ல் அவரைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். கத்திச் சண்டையில் வல்லவர். சுறுசுறுப்பான வாலிபர். சீக்கிரமே சார்ஜண்ட்-மேஜர் ஆனார். மறு வருஷம் முதல் உலக மகாயுத்தம் மூண்டது.

முதுகில் பாய்ந்த ஈட்டி

1915-ம் ஆண்டு வசந்தகாலத்தில் புகோவினா பகுதியில் ருஷ்யர்கள் திடீரென்று பாய்ந்தார்கள். ஸர்க்காஸியக் குதிரை வீரன் ஒருவனுடைய ஈட்டி யோசிப்பின் முதுகில் இறங்கியது. மயங்கி விழுந்தவர் கண் விழித்தபோது ருஷ்யர்களின் கைதி.

வோல்கா நதிக்கரையில் ஸ்வியாஸ்க் என்ற ஊர். அங்கே பழைய மடம் ஒன்றை ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். பதின்மூன்று மாதம் அவர் அங்கே கிடந்தார். காயம் போதாதென்று நிமோனியாவும் விஷக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. கொஞ்சம் தேறியதும் ருஷ்ய பாஷை கற்கத் தொடங்கினார். பள்ளிக்கூடச் சிறுமிகள் இருவர் டால்ஸ்டாய், துர்கனேவ் போன்றோரின் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்து உதவினார்கள். எதிரி நாட்டுச் சிப்பாய்க்கு அந்தக் குழந்தைகள் கொடுத்த பாஷை பிற்பாடு பலமுறை அவர் உயிரைக் காப்பாற்றியது.

வயலுக்குப் போன கைதிகள்

அந்த யுத்தத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரி வீரர்கள் சுமார் 20 லட்சம் பேர் ருஷ்யர்களிடம் சிக்கினார்கள். ருஷ்யக் கிராமங்களிலோ உழைக்கும் வயதுள்ள ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். உழவும் அறுப்பும் யார் செய்வது? சர்க்கார் கைதிகளைப் பண்ணைகளுக்கும் கிராமங்களுக்கும் அனுப்பியது. 1907-ம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும் இதற்கு இடம் கொடுத்தது. அதிகாரிகள் அல்லாத கைதிகளிடம் வேலை வாங்கலாம்; ஆனால் அது யுத்தம் சம்பந்தமான வேலையாக இருக்கக் கூடாது; அளவுக்கு மீறியும் போகக் கூடாது; கூலி உண்டு; தன் சிப்பாய்களுக்குத் தரும் சாப்பாட்டையே அவர்களுக்கும் தர வேண்டும். காகிதத்தில் எழுதியிருந்தது இது.

நடந்தது இடத்துக்கு இடம் வேறுபட்டது. கிராமத்துக்குப் போனவர்கள் ஓரளவு பாக்கியசாலிகள். வயிற்றுக்கு ரொட்டி கிடைத்தது. குடியானவர்கள் அவர்களைப் பகைவர்களாக நினைப்பதை விட்டு வீட்டு ஆட்களைப்போல நடத்தியதும் உண்டு. முர்மான்ஸ்க் ரயில் பாதை போடப் போனவர்களோ குளிரிலும் பட்டினியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள்.

யோசிப்புக்கு முதலில் நல்ல பக்கம் வாய்த்தது. 1916-ல் அவரை அர்தாதோவ் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். யந்திர வேலை தெரிந்தவர் என்பதால் மாவு மில் அவர் பொறுப்பில் வந்தது.

திருடு போன பார்சல்கள்

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. வருஷக் கடைசியில் யூரல் மலைப் பிரதேசத்தில் உள்ள குங்கூர் முகாமுக்கு மாற்றினார்கள். அங்கே சைபீரிய ரயில் பாதையில் வேலை. பாஷை தெரிந்தவர் என்று அவரையே கைதிகளுக்கு மேஸ்திரியாக வைத்தார்கள்.

கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து பார்சல்கள் வரும். குளிரில் நடுங்கும் மனிதனுக்கு அதுதான் ஜீவாதாரம். முகாம் சிப்பந்திகளோ பார்சல்களைத் திருடிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கும் பங்கு கிடைத்திருக்கும். அவர் புகார் செய்தார். கிடைத்தது அடியும் சிறைவாசமும். கையில் அதிகாரம் இருப்பவன் கைதியின் வாய்ச் சோற்றைப் பறித்தால் அது எப்படியிருக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தம் உடம்பில் வாங்கித் தெரிந்துகொண்டார்.

1917-ல் ருஷ்யாவில் புரட்சி வெடித்தது. ஜனங்கள் சிறையை உடைத்துக் கைதிகளை விடுவித்தார்கள். போல்ஷ்விக் நண்பர் ஒருவர் உதவியால் யோசிப் பெத்ரோகிராத் போய்ச் சேர்ந்தார். ஜூலை மாத ஆர்ப்பாட்டங்களுக்குப் பின் பின்லாந்துக்குத் தப்ப முயன்று பிடிபட்டார். பீட்டர்-பால் கோட்டையில் மூன்று வாரம் அடைத்துவைத்தார்கள். திரும்பக் குங்கூருக்கு அனுப்பியபோது ரயிலிலிருந்து தப்பி, சைபீரியாவில் ஓம்ஸ்க் நகரை அடைந்தார். அங்கே செங்காவலர் படையில் சேர்ந்தார்.

மறு வருஷம் ஓம்ஸ்க் நகரம் புரட்சியின் எதிரிகள் கைக்குப் போயிற்று. அவர்கள் கையில் அகப்பட்டால் உயிர் மிஞ்சாது. பக்கத்து ஸ்டெப்பி வெளியில் வாழ்ந்த கிர்கீஸியர்களிடம் அடைக்கலம் புகுந்தார். ருஷ்யர்கள் அந்நாளில் கஜாக் மக்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். அங்கேயும் அவரைக் காப்பாற்றியது மாவு மில்தான். யந்திரம் ஓட்டத் தெரிந்த ஆளை அந்த ஊர் கைவிடவில்லை. அந்த நாட்களில் பழக்கமான பெலகியா என்ற ருஷ்யப் பெண்ணை மணந்துகொண்டு, 1920-ல் தாய்நாடு திரும்பினார்.

மறுபடியும் மில்

பழைய சாம்ராஜ்யம் சிதறி யுகோஸ்லாவியா என்ற புது நாடு பிறந்திருந்தது. கொஞ்ச நாளில் பியலோவார் பக்கத்தில் வெலிகோ திரொய்ஸ்த்வோ என்ற கிராமத்தில் யந்திரக்காரராக வேலைக்கு அமர்ந்தார். அதுவும் மாவு மில்தான். கூடவே தடை செய்யப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சியின் வேலையும் நடந்தது. 1925-ல் மில் கைமாறியது. அரசியலை விடு, இல்லையேல் வேலையை விடு என்ற நிலை வந்தபோது வேலையை விட்டார்.

பிறகு நடந்தவை சரித்திரத்தில் ஏறியவை. 1928-ல் ஐந்து வருஷ சிறைத் தண்டனை. ரகசிய வாழ்க்கையில் வைத்துக்கொண்ட டிட்டோ என்ற பெயர் நிலைத்தது. 1941-ல் ஜெர்மானியர் நாட்டைப் பிடித்ததும் கொரில்லாப் படை திரட்டினார். 1943-ல் மார்ஷல். 1945-ல் நாட்டின் தலைவர்.

காவலரான கைதி

இப்போது கைதிகள் அவர் பக்கத்தில் இருந்தார்கள். யுத்தம் முடிந்தபோது ஏராளமான ஜெர்மானிய வீரர்கள் யுகோஸ்லாவியரிடம் சரணடைந்தார்கள். அவர்களைச் சுரங்கங்களிலும், ரயில் பாதைகளிலும், பெல்கிரேடையும் ஸாக்ரெப்பையும் இணைக்கும் பெருஞ்சாலையிலும் வேலை வாங்கினார்கள். யுகோஸ்லாவியாவிலேயே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஜெர்மானிய வம்சத்தாரையும், பெண்கள், முதியோர் என்று பாராமல், முகாம்களில் அடைத்தார்கள். பலரை வயல் வேலைக்கு அனுப்பினார்கள். பசியிலும் நோயிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 1945 மே மாதம் ஆஸ்திரிய எல்லையில் சரணடைந்த குரோவேஷியப் படையினரில் பல்லாயிரம் பேர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டார்கள்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜெர்மானியர் யுகோஸ்லாவியாவில் நடத்திய அட்டூழியம் கொஞ்சமல்ல. கொல்லப்படும் ஜெர்மன் சிப்பாய் ஒருவனுக்கு நூறு பேர் என்று கணக்கிட்டு அப்பாவிகளைச் சுட்டார்கள். அகப்பட்ட கொரில்லாக்களை யுத்தக் கைதிகளாக ஒப்புக்கொள்ளவே இல்லை. ரத்தம் காயாத நாட்டில் பழிவாங்கும் வெறி எழுந்தது ஆச்சரியமல்ல. ஆனால் குங்கூர் முகாமில் பார்சல் திருட்டைக் கண்டு பொறுக்காமல் அடிபட்டவர் நாட்டின் தலைமையில் இருந்தபோது இது நடந்தது என்பதுதான் மனதை உறுத்துகிறது.

1949 தொடக்கத்தில் ஜெர்மானியக் கைதிகளில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெனீவாவில் கைதிகளின் வேலை, கூலி, ஓய்வு, உணவு எல்லாவற்றுக்கும் விரிவான புது விதிகள் வகுக்கப்பட்டன. யுகோஸ்லாவியாவும் ஒப்பமிட்டது. ஆனால் ஸ்டாலினுடன் உறவு முறிந்த பிறகு, மாஸ்கோ பக்கம் சாய்ந்தவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட சொந்தக் கட்சிக்காரர்களே அந்த ஆண்டு முதல் கோலி ஓடோக் என்ற மொட்டைத் தீவில் கல் உடைத்தார்கள். அவர்களை எந்த யுத்தக் கைதிச் சட்டமும் காக்கவில்லை.

டிட்டோ 1980-ம் ஆண்டு மே 4-ம் தேதி காலமானார். இந்திரா காந்தி உட்பட உலகத் தலைவர்கள் பலர் பெல்கிரேடில் கூடி அஞ்சலி செலுத்தினார்கள். அவர் கட்டிக் காத்த தேசம் 1991-ல் உடையத் தொடங்கிற்று.

பல இன மக்களை முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே கொடியின் கீழ் வைத்திருந்த பெருமை அவருக்கு உண்டு. அதை மறைக்க முடியாது. முகாம்களில் மாண்டவர்களையும் மறைக்க முடியாது. வோல்காக் கரையில் இரண்டு சிறுமிகள் எதிரி என்று பாராமல் ஒரு கைதிக்குப் புத்தகம் கொடுத்தார்கள். பெயர் தெரியாத குடியானவர்கள் அவனை நம்பித் தங்கள் மில்லை ஒப்படைத்தார்கள். அவர்கள் கையில் அதிகாரம் இல்லை, இரக்கம் இருந்தது. அந்தக் கைதி நாட்டையே ஆளும் நிலைக்கு உயர்ந்தபோது, அவர்களிடம் பெற்ற கடனைத் தம் கைதிகளுக்குத் திருப்பிக் கொடுக்கத் தவறிவிட்டார்.