நீலக் கண் கேட்ட சிறுமி

நம் தென்காசியிலிருந்து மலையடிவாரத்தை ஒட்டியே தெற்கு நோக்கிப் போனால் கடையம், அம்பாசமுத்திரம், களக்காடு எல்லாம் தாண்டி டோனாவூர் வரும். நாம் குற்றாலத்தில் காணும் அதே மலைத்தொடர்தான் அங்கேயும் மேற்கே சுவர்போல் நிற்கிறது. அந்தச் சிற்றூரில் ஐம்பது வருஷம் குழந்தைகளுக்குத் தாயாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் பெயரை நம் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர் பிராட்டஸ்டாண்டு சபையைச் சேர்ந்தவர். ஆனாலும் அவரது பிள்ளைப்பிராயத்துக் கதையைப் பிள்ளைகளை வளர்க்கும் எந்த வீட்டிலும் சொல்லலாம்.

அயர்லாந்தின் வடபகுதியில், கடலோரத்தில், மில்லைல் என்ற கிராமத்தில் 1867-ம் வருஷம் டிசம்பர் 16-ம் தேதி ஏமி பிறந்தாள். ஏழு பிள்ளைகளில் அவளே மூத்தவள். குடும்பத்துக்குச் சொந்தமாக மாவு ஆலை இருந்ததால் பணத்துக்குக் குறைவில்லை. வீட்டில் கண்டிப்புக்கும் குறைவில்லை. தப்புச் செய்த பிள்ளை கையை நீட்டி அடி வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியபின் தாயாருக்கு நன்றி சொல்லவும் வேண்டும்! இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அவ்வளவு கண்டிப்பிலும் ஏமியின் துடுக்கு அடங்கவில்லை. நம் சரக்கொன்றையைப்போல் மஞ்சள் மஞ்சளாய்ப் பூக்கும் ஒரு மரம் அந்நாட்டில் உண்டு. அதன் காய் விஷம், தொடாதே என்று பெரியவர்கள் எச்சரித்திருந்தார்கள். ஏமியோ தம்பிமாரைச் சேர்த்துக்கொண்டு, சாவதற்குமுன் எத்தனை காய் தின்னமுடியும் என்று பந்தயம் நடத்தினாள். நல்லவேளையாகத் தாயார் மருந்து கொடுத்துப் பிழைக்கவைத்தாள். இன்னொரு நாள் வாளித் தண்ணீரில் ஒரு சுண்டெலி தத்தளிப்பதைக் கண்டாள். அந்நேரம் குடும்ப ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டது. எலியை விட்டுப்போக மனமில்லாமல் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். எல்லோரும் முழங்காலில் இருக்கும்போது எலி கீச்சிட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இவற்றிலெல்லாம் பேர்பெற்றது கண்ணின் கதை. தாயாருக்கு அழகிய நீலக் கண்கள். ஏமிக்கோ பழுப்புக் கண்கள். எது கேட்டாலும் சர்வேசுரன் கொடுப்பார் என்று தாயார் சொல்லியிருந்தாள். மூன்று வயதுச் சிறுமி அதை அப்படியே நம்பி, இராத்திரி நீலக் கண் கேட்டு வேண்டிக்கொண்டு தூங்கினாள். விடிந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறிக் கண்ணாடியைப் பார்த்தாள். அதே பழுப்புக் கண்கள்! இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்று அவளுக்கு விளங்கச் சில காலம் பிடித்தது.

பன்னிரண்டு வயதளவில், வட இங்கிலாந்தில் யார்க்ஷையரைச் சேர்ந்த ஹாரகேட் ஊரில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். கடலையும் தம்பிமாரையும் விட்டுப் பிரிந்த ஏக்கம் அவளை வாட்டியது. 1882-ம் வருஷம் வானத்தில் பெரிய வால்வெள்ளி தோன்றியது. அதைப் பார்க்க அனுமதி கேட்டாள். தலைமை ஆசிரியை மறுத்துவிட்டார். ஏமி என்ன செய்தாள் தெரியுமா? தோழிகள் ஒவ்வொருவரின் கால்விரலிலும் ஒரு நூலைக் கட்டி, எல்லா நூல்முனைகளையும் தன் கையில் பிடித்துக்கொண்டு விழித்திருந்தாள். வீடு அடங்கியதும் நூலை இழுத்து எழுப்பி, ஓசைப்படாமல் எல்லோரையும் மாடிக்கு அழைத்துப்போனாள். அங்கே தலைமை ஆசிரியையும் மற்ற ஆசிரியைகளும் ஏற்கெனவே வால்வெள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்!

பிறகு வீட்டின் நிலை தாழ்ந்தது. குடும்பம் பெல்பாஸ்ட் நகருக்குப் பெயர்ந்தது. 1885-ல் தகப்பனார் இறந்தார். அதே காலத்தில் ஒரு ஞாயிறு, கோவிலிலிருந்து திரும்பும் வழியில் கந்தலணிந்த கிழவி ஒருத்தி சுமையோடு தள்ளாடுவதைக் கண்டு, தம்பிமாரோடு போய்த் தாங்கிக்கொண்டாள். கண்ணியமான மனிதர்கள் பார்க்கிறார்களே என்று அப்போது வெட்கத்தில் முகம் சிவந்ததாம். அந்த வெட்கத்தை அவள் மறக்கவில்லை. ஆலையில் வேலைசெய்த ஏழைப் பெண்களுக்காகப் பெல்பாஸ்டில் ஒரு கூடம் கட்டினாள். அதன்பின் வட இங்கிலாந்தின் கம்பர்லாந்துச் சீமையில், பிராட்டன் கிரேஞ்ச் என்ற வீட்டில், மகளை இழந்த முதியவர் ராபர்ட் வில்ஸனுக்கு மகளாக இருந்து பணிவிடை செய்தாள்.

1893-ல் ஜப்பானுக்குப் போய், இலங்கையிலும் சிறிது காலம் இருந்து, 1895 நவம்பரில் இந்தியா வந்துசேர்ந்த அம்மையார் பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. அடுத்த வருஷம் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். சேலை உடுத்திக்கொண்டு கிராமம் கிராமமாகச் சுற்றினார்.

1901 மார்ச் மாதம், பண்ணைவிளையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் அடைக்கலம் தேடிவந்தாள். பெயர் பிரீனா. கோயிலுக்கென்று விடப்பட்டவள். முன்னொரு தடவை தூத்துக்குடிக்குத் தாயிடம் தப்பியோடியிருக்கிறாள். பயந்துபோன தாய் அவளைத் திரும்ப ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாகக் கையில் சூடு போட்டிருந்தார்கள். தனக்கும் தன் தோழிகளுக்கும் நேர்ந்ததை அவள் ஒரு துணிப்பொம்மையை வைத்துக் காட்டினாள். அதைப் பார்த்த அம்மையார் இனி இந்தப் பிள்ளைகளே தம் வேலை என்று தீர்மானித்தார். இதைச் சொல்வதால் ஒரு மதத்தாரைக் குறைகூறுவதாக எண்ணவேண்டாம். அந்தக் கொடுமையைச் சட்டமன்றத்தில் எதிர்த்துப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் அந்த மதத்தவரே. சென்னை மாகாணத்தில் அதைத் தடுத்த சட்டம் 1947-ல்தான் வந்தது. அதற்கு நாற்பத்தாறு வருஷம் முன்னே தொடங்கிய வேலை இது.

குழந்தைகள் எங்கே விற்கப்படுகிறார்கள் என்று கண்டறிய, அவர் தம் தோலுக்குச் சாயம் பூசிக்கொண்டு நம் பெண்களைப்போலப் போனதுண்டு என்று சொல்வார்கள். தோலை மாற்றலாம், கண்ணை மாற்றமுடியுமா? பழுப்புக் கண் அப்போது உதவியது. நீலக் கண் இருந்திருந்தால் அவர் வேலையே நின்றிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். வேறு வழி கண்டிருப்பார். ஆயினும் அந்த நாற்காலிமேல் ஏறிநின்ற சிறுமியை அவர் அன்று நினைத்துக்கொண்டிருப்பார்.

டோனாவூரில் குழந்தைகள் பெருகின. 1918 முதல் ஆண்பிள்ளைகளையும் சேர்த்தார். பிறந்த நாள் தெரியாத பிள்ளைகள் அநேகர். ஆகவே ஒவ்வொருவரும் வீடு வந்துசேர்ந்த நாளையே பிறந்த நாளாகக் கொண்டாட ஏற்பாடு செய்தார். மில்லைலில் கடலும் மரமும் தமக்குக் கொடுத்த சந்தோஷத்தை இந்தப் பிள்ளைகளும் அறியவேண்டுமென்று, மேலே மலைக்காட்டில் இடம் வாங்கி அழைத்துப்போவார். அவருடைய கண்டிப்பும் பிடிவாதமும் பெரியவை. உடன் உழைத்தவர்கள் சிலருக்கு அது பொறுக்கமுடியாமல் போனதும் உண்மை.

1931 அக்டோபர் 24-ம் தேதி மாலை, களக்காட்டில் மருந்தகத்துக்கென்று எடுத்த வீட்டைப் பார்க்கப்போன இடத்தில் புதிதாய்த் தோண்டிய குழியில் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. அதற்குப்பின் ஏறக்குறைய இருபது வருஷம் அறைக்குள்ளேயே காலம். வலியோடு படுத்தபடி புத்தகம் எழுதினார். பிள்ளைகள் அறைக்கே வந்து போவார்கள். 1951 ஜனவரி 18-ம் தேதி, 83-ம் வயதில் இறந்தார்.

கல்லறையில் கல் நாட்டவேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அப்படியே கீழ்ப்படிந்து, கல்லறைக்குப் பதிலாகப் பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் அம்மை என்ற ஒரே சொல் பொறித்திருக்கிறது.