தொட்டுப் பார்க்க ஒரு டாக்டர்: ஐடா ஸ்கடர்

நம்ம ஏரியாவில், அது ஆம்பூரோ வாணியம்பாடியோ ராணிப்பேட்டையோ, யாருக்காவது ரொம்ப சீரியஸ் என்றால் வீட்டில் முதலில் வரும் பேர் சி.எம்.சி. தான். அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ரோட்டுக்கு ஐடா ஸ்கடர் சாலை என்று பேர். பஸ் ஜன்னல் வழியாக அந்தப் போர்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பேருக்குப் பின்னால் இருக்கும் கதையை இந்த முறை பார்ப்போம். கடைசியில் உங்கள் ஹாஸ்டல் ரூமுக்கும் உதவுகிற ஒரு விஷயம் இருக்கிறது. அதனால் பாதியில் மூடிவிடாதீர்கள்.

ஐடா பிறந்தது 1870 டிசம்பர் 9, நம்ம ராணிப்பேட்டையில். அப்பா, தாத்தா இரண்டு பேருமே மிஷனரி டாக்டர்கள். இங்கே பஞ்சத்தையும் நோயையும் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. அமெரிக்காவில் படித்து, கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே செட்டில் ஆக வேண்டும் என்பதுதான் அவர் பிளான். 1890-இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். அதுவும் கொஞ்ச நாளைக்கு என்றுதான்.

அங்கே ஒரு ராத்திரி அடுத்தடுத்து மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு இந்துக் குடும்பத்துக்காரர். மூன்று வீட்டிலும் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி இருந்தது. அப்பா டாக்டர், இதே வீட்டில்தான் இருக்கிறார் என்று ஐடா சொல்லிப் பார்த்தார். ஆண் டாக்டர் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று மூன்று பேருமே திரும்பிப் போய்விட்டார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடியும்போது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டாக்டர் இருந்தார். ஆனால் நோயாளியைத் தொட்டு, பார்த்து, பரிசோதிக்க ஆள் இல்லை. அந்த இடைவெளிதான் மூன்று உயிரை எடுத்தது. அதை அடைப்பதுதான் ஐடாவின் மீதி வாழ்க்கை.

அமெரிக்கா போய் 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் டிகிரி வாங்கினார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட அங்கத்திய முதல் செட் அது. 1900-இல் வேலூர் வந்து, அப்பாவின் பங்களாவில் ஒரு சின்ன ரூமில், ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1902-இல் 40 படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரி வந்தது. 1906 வாக்கில் மாட்டு வண்டியில் குடியாத்தம் பாதையில் போய், மரத்தடியில் நிறுத்தி வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அப்புறம் கார் வந்தது.

அந்த மரத்தடியில் லேப் கிடையாது, ஸ்கேன் கிடையாது. கண், கை, காது, மூக்கு, இவ்வளவுதான் கருவி. குழந்தை அழாமல் தூங்க அபினி கொடுக்கும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்த காலம் அது. அந்தக் கால டாக்டர்கள் கண்ணின் பாப்பாவையும் மூச்சையும் வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தனி ஆளாகப் பார்த்து முடியாது என்பது ஐடாவுக்குப் புரிந்தது. 1909-இல் நர்சிங் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்று சிலர் நினைத்தார்கள். வந்தது 151 விண்ணப்பம்! பின்னாளில் டிப்ளமா போதாது, டிகிரிதான் வேண்டும் என்று அரசு சொன்னபோது, 70 வயதில் மறுபடி அமெரிக்கா போய் நிதி திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வந்தது, 1947-இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள்.

சரி, இது நமக்கு எதற்கு? பரிசோதனை என்பதன் முழு அர்த்தம் தெரிவது விஷ வார்டில்தான். விஷம் உடம்பில் ஏறியவர் மயக்கத்தில் இருப்பார், அல்லது பயத்திலும் வெட்கத்திலும் உண்மையைச் சொல்ல மாட்டார். கூட வந்தவர்களுக்கும் தெரியாது. அப்போது உடம்புதான் பேச வேண்டும்.

எப்படிப் பேசும்? பூச்சி மருந்தில் ஆர்கனோபாஸ்பேட் வகை என்றால் கண்ணின் பாப்பா குண்டூசி முனை மாதிரி சுருங்கும். வியர்வை, எச்சில், கண்ணீர் கொட்டும், தசை துடிக்கும், நாடி பெரும்பாலும் மெதுவாகும். ஊமத்தை என்றால் நேர் எதிர்: பாப்பா விரியும், வாயும் தோலும் காயும், உடம்பு கொதிக்கும், உளறல் இருக்கும். அபினி வகை மருந்து ஓவர்டோஸ் என்றால் பாப்பா சுருங்கும், ஆனால் அந்த ஈரம் இருக்காது, மூச்சு மெதுவாகிக்கொண்டே போகும். அதனால் பாப்பாவை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. ஒரே ரீடிங்கை வைத்து சர்க்யூட்டில் ஃபால்ட் கண்டுபிடிக்கிறோமா? அதே கதைதான். எல்லா அறிகுறியையும் சேர்த்து வைத்துத்தான் டாக்டர் விஷத்தின் வகையைப் பிடிக்கிறார். இதில் ஒரு வேடிக்கை: பூச்சி மருந்துக்கு முறிவாகக் கொடுக்கும் அட்ரோபின், ஊமத்தையில் இருக்கிற விஷ வகையைச் சேர்ந்ததுதான்.

ஏமாற்றும் விஷங்களும் உண்டு. நம்ம பக்கத்து ஒடுவந்தழை அப்படிப்பட்டது. ஆரம்பத்தில் ஆள் நன்றாகப் பேசுவார், நடப்பார். உள்ளே ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி, அப்புறம் இதயத் துடிப்பு தடுமாறும். சி.எம்.சி. டாக்டர்கள் இதைப் பல வருஷமாக ஆராய்ந்து எழுதி வருகிறார்கள். எலி பேஸ்ட்டும் இப்படித்தான். ஒரு நாள் வாந்தி, பிறகு சரியான மாதிரி, அதற்கப்புறம் கண் மஞ்சளாகி ஈரல் பாதிக்கும். காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால்கூட அளவு மீறினால் முதல் நாள் பெரிதாக எதுவும் காட்டாது. அதன் முறிவு மருந்து எட்டு மணி நேரத்துக்குள் போனால்தான் நன்றாக வேலை செய்யும்.

நாளைக்கு நீங்கள் டேனரியிலோ கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலோ இன்ஜினியராக நிற்கலாம். தொட்டியில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. வாடை போய்விட்டது என்று யாரையும் இறக்கிவிடாதீர்கள். விழுந்தவரைத் தூக்க, மூச்சுக் கருவி இல்லாமல் நீங்களும் குதிக்காதீர்கள்.

ஹாஸ்டலில் யாராவது எதையோ சாப்பிட்டுவிட்டார் என்று சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மயக்கம் என்றால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மாத்திரை அட்டை, பாட்டில், பாக்கெட் எதுவானாலும் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஆள் நன்றாக இருக்கிறார், பேர் கெட்டுவிடும், வார்டனுக்குத் தெரிய வேண்டாம் என்று காலைவரை காத்திருக்காதீர்கள். மனசு சரியில்லை என்றால் டெலிமானஸ் 14416-இல் எந்நேரமும் பேசலாம்.

ஐடா ஸ்கடர் 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார். வயது 89. திண்டிவனத்தில் அந்த மூன்று ஆண்களும் கெட்டவர்கள் இல்லை. மனைவியைக் காப்பாற்றத்தான் ராத்திரியில் ஓடி வந்தார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கம்தான் தடுத்தது. அதே தயக்கம் இன்றைக்கும் நம்ம ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை அந்தச் சாலைப் போர்டைப் பார்க்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: தொட்டுப் பார்க்க இப்போது அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை.